தலைதட்டிய ஓசை

நெல் அளப்போர் மரைக்காலில் நெல்லைக் குவித்துப் பின்னர் மேலே கூம்பி நிற்கும் மணிகளைக் கோலால் வழித்து விடுவர். விளிம்புக்கு மேல் ஒரு மணியும் நில்லாது. கூர்ந்து எழுந்த குவியல் தட்டையாகிவிடும். இதனைத் தலைதட்டி அளத்தல் என்பர். அம்பாறை மாவட்டத்தின் களத்துமேடுகளை அறிந்தோருக்கு இது புதிய காட்சியன்று. மின்னோசையையும் இவ்வாறே தலைதட்டலாம் என்பதும், அவ்வாறு தட்டிய ஓசையை உலகில் கோடிக்கணக்கானோர் விரும்பிக் கேட்கின்றனர் என்பதுமே வியப்புக்குரிய செய்தி.

கிற்றாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மெல்லிய மின்னலை ஒன்று எழுகின்றது. அதன் அளவு ஒரு வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கொள்ளலாம். வன்மையாக மீட்டினால் இன்னும் சில மடங்கு உயரும். அந்த அலையை விரியலாக்கி என்னும் கருவி பெரிதாக்குகின்றது. ஆனால் எந்த விரியலாக்கியும் தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்திற்கு மேல் அலையை உயர்த்த இயலாது. ஒன்பது வோல்ற்று மின்கலத்தில் இயங்கும் கருவியிடம் இருபது வோல்ற்று அலையைக் கேட்டால், அலையின் முடியும் அடியும் மரைக்காலின் விளிம்பில் வழிபட்ட நெல்போலத் தட்டையாகிவிடும். உருண்டு எழுந்து உருண்டு விழுந்த அலை, சதுரத்தை நோக்கிச் செல்லும். செவிக்கு அது கரகரப்பாகவும், தடித்ததாகவும், மனிதன் தொண்டை கட்டிக் கூவினாற் போலவும் கேட்கும்.

பொறியியலாளர் இதனைக் குற்றம் என்றே நெடுங்காலம் கருதினர். வானொலி நிலையங்களில் இன்றும் இது குற்றந்தான். இசைஞரோ குற்றத்திலே ஒரு குணம் கண்டனர். 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிசு நகரில், ‘ரொக்கற் 88’ என்னும் பாடல் பதிவான வேளையில், வில்லி கிசாட் என்பவரின் கிற்றார் விரியலாக்கி வழியிலேயே பழுதுபட்டுப் போயிருந்தது. அந்தப் பழுதின் கரகரப்போடுதான் பாடல் பதிவாயிற்று. அது பெரும் வெற்றியும் கண்டது. பத்து ஆண்டுகளின் பின்னர், 1961 இல், மாட்டி ரொபின்சு பாடி வெளிவந்த ஒரு பாடலிலும் இதுவே நிகழ்ந்தது. நாசுவில் நகரில் நடந்த அந்தப் பதிவில், கிரேடி மாட்டின் வாசித்த ஆறு கம்பித் தாழ்சுரக் கிற்றாரின் ஓசை, கலவைப் பலகையின் ஒரு வழி கெட்டிருந்தமையால் உறுமலாய் ஒலித்தது. பதிவுப் பொறியியலாளர் கிளென் சினொடி அதை அழித்துவிடவில்லை. அந்தப் பழுதைத் திரான்சிற்றர்களைக் கொண்டு வேண்டும்போது உண்டாக்கும் ஒரு சுற்றை அமைத்தார். 1962 இல் ‘மேஸ்ற்றோ பஸ்டோன்’ என்ற பெயரில் அது காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியாய்ச் சந்தைக்கு வந்தது. முதலில் அதனை விரும்பி வாங்கினோர் மிகச் சிலரே. 1965 இல் ரோலிங் ஸ்ரோன்சு குழுவினரின் ‘சற்றிஸ்பக்சன்’ பாடல் அப்பெட்டியின் ஓசையோடு வெளிவந்த பின்னரே கடைகளில் அது வெறுமையாயிற்று. இதற்கிடையில் 1964 இல் இலண்டனில் டேவ் டேவிசு என்னும் இளைஞர் பெட்டி வாங்கும் தொல்லை இன்றி, தம் ஒலிபெருக்கியின் தாட்கூம்பைச் சவர அலகால் கீறியே வேண்டிய ஓசையைப் பெற்றார். இந்த வழியை எவருக்கும் பரிந்துரைக்க முடியாது. கீறிய கூம்பு மீண்டும் பழைய குரலில் பேசாது.

இன்று உலகெங்கும் பலர் வீட்டிலே செய்து பார்க்கும் பெட்டி இவற்றிலும் மென்மையானது. சப்பானில் 1979 இல் ஐபனேசு என்னும் பெயரில் வெளிவந்த ‘ரியூப் சிக்கிரீமர்’ பெட்டியே அதன் மூலம். சுசுமு தமுரா என்பவர் அமைத்த சுற்று அது. பழைய வெற்றிடக் குழாய் விரியலாக்கியை அளவுக்கு மேல் ஓட்டினால் எழும் இனிய முறிவோசையைச் சிறிய ஒரு சில்லால் ஆக்குவதே அதன் நோக்கம். ஆங்கிலத்தில் அந்த வகைப் பெட்டியை ‘ஓவர்டிரைவ்’ என்பர். மிகையோட்டப் பெட்டி எனத் தமிழில் வழங்கலாம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தொடரும் ஊர்களில் இதற்கென்ன இடம் என்று கேட்போர் உளர். அவ்வூர்களின் மரபான இசை தகராவின் தோல்முழக்கமும், பக்கீர்மாரின் பைத்தும், வயலிலும் தறியடியிலும் பிறந்த கவியும் ஆகும். கம்பிக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இவ்வுரையின் வேலையன்று. ஆயினும் மட்டக்களப்பின் பறங்கியர் கிற்றாரும் வயலினும் இசைத்த கரை இது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப்பிசையை இலங்கை வானொலி வீடுதோறும் கொண்டு சேர்த்த கரையுமாகும். கிற்றார் இங்கே அந்நியமான பொருளன்று. கடல் கடந்து வரும் பெட்டிகளின் விலைதான் அந்நியம். அந்த விலையைக் கேட்டு மலைத்த இளைஞர், சுற்றுப்பலகை ஒன்றையும் இருபதுக்கும் குறைவான சிறு உறுப்புகளையும் வாங்கித் தாமே செய்யத் துணிவது இயல்பே.

இன்னொரு தொடர்பும் உண்டு. சாய்ந்தமருதுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைதீவில் 1892 இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், பழந்தமிழர் யாழின் கம்பிகளைக் கணக்கினால் ஆராய்ந்து ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை 1947 இல் வெளியிட்டார். குரலுக்கும் இளிக்கும் இடையே உள்ள உறவு இரண்டுக்கு மூன்று என்னும் எளிய விகிதம். மிகையோட்டப் பெட்டியின் மறைபொருள் இந்த விகிதத்திலேதான் அடங்கியிருக்கின்றது. ஒரே கம்பியின் அலையைத் தலைதட்டினால் அதன் மேற்றொனிகள் பெருகும். முடியையும் அடியையும் ஒத்த அளவில் தட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மேற்றொனிகள் மிகும். இரு கம்பிகளைச் சேர்த்து மீட்டித் தலைதட்டினாலோ, இரண்டின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஓசைகள் பிறக்கும். கிற்றாரின் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. அதன் இளி ஏறத்தாழ 123 முறை. கழித்தால் 41. அது அந்தக் குரலுக்கே ஒரு தானம் கீழே உள்ள குரல்! ஆகவே குரலும் இளியும் சேர்ந்து ஒலித்தால் பெட்டி ஒரு மலையைப் புரட்டினாற்போல் முழங்குகின்றது. அதே பெட்டியிலே குரலையும் கைக்கிளையையும் சேர்த்து மீட்டினால், கிற்றாரின் கட்டைகள் தரும் கைக்கிளை தூய நான்குக்கு ஐந்து விகிதத்திலிருந்து சற்று விலகியிருப்பதால், பிறக்கும் கீழோசை குரலோடு பொருந்தாது தள்ளாடும். பெட்டி பழுதென்று புதியவர் எண்ணுவது பெரும்பாலும் இங்கேதான். பெட்டியில் பழுதில்லை, கணக்கு அப்படி.

இனிச் சுற்றின் அமைப்பு. படம் காட்ட இயலாத வானொலியில் சுற்று வரைதல் சற்றுக் கடினம். தாளும் எழுதுகோலும் அருகே இருப்பின் நன்று.

நடுநாயகமாய் இருப்பது 4558 என்னும் எண்ணுடைய சில்லு. அதனுள் இரண்டு செயற்பாட்டு விரியலாக்கிகள் உள. கால்கள் எட்டு. எட்டாம் காலுக்கு ஒன்பது வோல்ற்று மின்கலத்தின் நேர்முனையும், நான்காம் காலுக்கு எதிர்முனையும் செல்லும். அந்த எதிர்முனையே சுற்று முழுவதற்கும் தரை. மின்கலத்தின் குறுக்கே பத்துக் கிலோஓம் தடையிகள் இரண்டைத் தொடராக இணைத்தால், அவற்றின் சந்தியில் நாலரை வோல்ற்று கிடைக்கும். அலை மேலும் கீழும் ஊசலாடுவதற்கு உரிய நடுநிலை அதுவே. அச்சந்தியிலிருந்து தரைக்கு 47 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று வேண்டும். கிற்றாரிலிருந்து வரும் அலை 0.022 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைக் கடந்து மூன்றாம் காலை அடையும். அந்தக் காலை ஒரு மெகாஓம் தடையி நடுநிலையோடு பிணைக்கும். இரண்டாம் காலிலிருந்து 4.7 கிலோஓம் தடையியும் 0.047 மைக்ரோபரட் கொள்ளளவியும் தொடராய்த் தரைக்கு இறங்கும். முதலாம் காலே வெளிவாயில். அதற்கும் இரண்டாம் காலுக்கும் இடையே 51 கிலோஓம் தடையியும் 500 கிலோஓம் திருகு தடையியும் தொடராக நிற்கும். அவற்றுக்குச் சமாந்தரமாக இரண்டு இருவாயிகள், ஒன்று போவதற்கு எதிராக மற்றது வரும்படி, தலைமாறி இணைக்கப்படும். கடையில் டயோட் என்று கேட்டால்தான் கொடுப்பர், எண் 4148. அவற்றின் பக்கத்திலேயே 51 பிக்கோபரட் சிறு கொள்ளளவியும் இருக்கும்.

தலைதட்டும் கோல் அந்த இருவாயிகளே. சிலிக்கன் இருவாயி தன் குறுக்கே ஏறத்தாழ 0.6 வோல்ற்று எழும்வரை கதவை மூடியிருக்கும், அதற்குமேல் திறந்துவிடும். திருகியை முழுதும் திருப்பினால் சுற்று அலையை 118 மடங்கு பெருக்க முயலும். முற்றும் குறைத்தால் 12 மடங்கு. பெருகிய அலை 0.6 வோல்ற்றைத் தாண்டும் கணத்தில் இருவாயி திறந்து, பெருக்கத்தை ஒன்றளவுக்கு இறக்கிவிடும். இவ்வாறு தலை வழிபட்ட போதும், கிற்றாரின் மூல அலை மாசுபடாமல் அதன்மேல் சவாரி செய்து வெளிவரும். வெட்டு மென்மையாய்க் கேட்பதற்கு இதுவே காரணம். செக்கனுக்கு 720 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட தாழ்சுரங்களுக்குப் பெருக்கம் படிப்படியாகக் குறையும், 4.7 கிலோஓமும் 0.047 உம் சேர்ந்து அதைச் செய்கின்றன. அவை இல்லையேல் தடித்த கம்பிகளின் ஓசை சேறாகக் கலங்கிவிடும். வெளிவாயிலில் ஒரு கிலோஓம் தடையியும், அதன்பின் தரைக்கு 0.22 மைக்ரோபரட் கொள்ளளவியும் கீச்சொலியைத் தணிக்கும். பின்னர் ஒரு மைக்ரோபரட் கொள்ளளவி, 100 கிலோஓம் ஒலியளவுத் திருகி, வெளிச் சொக்கற். சில்லில் பயன்படாத மற்றப் பாதியைக் கவனியாது விடலாகாது: ஐந்தாம் காலை நடுநிலைக்கும், ஆறாம் காலை ஏழாம் காலுக்கும் இணைத்துவிட வேண்டும். ஆளற்ற வீட்டில் பேய் குடிபுகுவதுபோல, இணைக்காத விரியலாக்கியிலே வேண்டாத அலைவு குடிபுகும்.

சிலிக்கனுக்குப் பதிலாகச் செம்மணி விளக்கு இருவாயிகளை இட்டால் 1.7 வோல்ற்று வரை அலை உயரும். ஓசை வலுத்துத் தெளியும். சேர்மானிய இருவாயிகளை இட்டால் 0.3 வோல்ற்றிலேயே வெட்டு விழும். பழைய திரான்சிற்றர் வானொலிகளின் கண்டறி பகுதியில் சேர்மானிய இருவாயிகள் இருந்தன. வானொலி திருத்தும் கடைகளின் தகர டப்பாக்களில் அவை இன்னும் கிடப்பதுண்டு. ஒரு காலத்தில் வானொலியில் செய்தியைப் பிரித்தெடுத்த அதே மணி, கிற்றாரின் அலையை வெட்டும் கோலாக மாறுவது நல்ல மறுவாழ்வே.

சுற்றைக் கட்டி முடித்ததும் பெட்டி பேசிவிடும் என்று எண்ணுதல் வேண்டா. முதல் முயற்சியிலேயே பேசும் பெட்டிகள் குறைவு. ‘காக்கா, வயர் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன், சத்தம்தான் வருகுதில்லை’ என்று ஓர் இளைஞர் திருத்துநரின் மேசையருகே வந்து நிற்பாரானால், அனுபவம் முதிர்ந்தவர் சுற்றைப் பார்க்கமாட்டார். ‘முதலில் மின்கலத்தைப் பார் தம்பி’ என்பார். அதுவே சரியான தொடக்கம். வானொலி திருத்துவோர் தலைமுறை தலைமுறையாய்க் கையாண்ட முறை ஒன்றுண்டு: பழுதை ஊகிக்காது, ஒலி எங்கே வரை உயிரோடு வருகின்றது, எங்கே மாய்கின்றது என்று படிப்படியாகத் தேடுதல். மிகையோட்டப் பெட்டிக்கும் அதற்கு மேற்பட்ட மந்திரம் இல்லை.

ஆளியை மிதித்துப் பெட்டியை விலக்கிய நிலையிலும் கிற்றார் ஒலிக்கவில்லையானால், குற்றம் சுற்றில் இல்லை. சொக்கற்றிலோ, ஆளியின் ஒன்பது நாக்குகளிலோ, கம்பியிலோ உள்ளது. விலக்கிய நிலையில் ஒலித்து, இயக்கியதும் ஊமையானால் மானி எடுக்க வேண்டும். கறுப்பு முனையைத் தரையில் வைத்து, எட்டாம் காலில் ஏறத்தாழ 9, நான்காம் காலில் 0, முதலாம் இரண்டாம் கால்களில் 4.5 வோல்ற்று வரும். முதலாம் கால் 8 வோல்ற்றை ஒட்டியோ தரையை ஒட்டியோ நின்றால், மூன்றாம் காலுக்கு நடுநிலை வந்து சேரவில்லை, அல்லது சில்லு இறந்தது. சில்லு விரலைச் சுடுமானால் அது தலைமாறிப் பொருத்தப்பட்டிருக்கும், அல்லது மின்கலத்தின் முனை மாறியிருக்கும். சில்லை நேரே பற்றவையாமல் எட்டுக்கால் இருக்கை ஒன்றிற் செருகுவது இந்த வேளையிற் கைகொடுக்கும்.

மூன்றாம் காலில் ஒரு பொறி உண்டு. அங்கே ஒரு மெகாஓம் தடையி வழியாகவே மின்னழுத்தம் வருகின்றது. முட்கள் ஆடும் பழைய மானி, பத்து வோல்ற்று வீச்சில், தானே 200 கிலோஓம் தடையாக நின்று அந்த மின்னழுத்தத்தை உறிஞ்சி, 4.5 க்குப் பதிலாக முக்கால் வோல்ற்றைக் காட்டும். எண்கள் தெரியும் புது மானியிலும் 4.1 தான் வரும். இதை அறியாதவர் நல்ல தடையியைக் கழற்றி எறிந்துவிட்டு நாள் முழுதும் அலைவர். பழுதைத் தேடுபவர் தம் கருவி எங்கே பொய் சொல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மின்னழுத்தங்கள் சரியாக இருந்தும் ஓசை வராவிடில் தொடுகோல் வேண்டும். விரியலாக்கிக்குச் செல்லும் கம்பியின் உள்முனையில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றவைத்து, வெளியுறையைப் பெட்டியின் தரையோடு இணைத்தால் தொடுகோல் ஆயிற்று. கை இரண்டும் வேலையில் இருப்பதால் கிற்றாரை மீட்ட முடியாது. கைத்தொலைபேசியின் செவிக்கருவி வாயிலிலிருந்து ஒரு பாட்டை மெல்லிய அளவில் உட்செலுத்தலாம். விரியலாக்கியின் அளவைத் தாழ்த்திக்கொண்டு, உட்சொக்கற்றிலிருந்து தொடங்கி, முதற் கொள்ளளவியின் இரு பக்கமும், மூன்றாம் கால், முதலாம் கால், ஒரு கிலோஓம் தடையியின் மறுமுனை, திருகியின் நடுக்கால் என்று தொட்டுச் செல்ல வேண்டும். பாட்டு கேட்ட கடைசி இடத்துக்கும் கேளாத முதல் இடத்துக்கும் நடுவே பழுது அமர்ந்திருக்கும். ஒன்பது வோல்ற்றுச் சுற்றுக்கே இந்தத் தொடுகோல். வீட்டு மின்சாரம் புகும் பகுதியிலோ, குழாய் விரியலாக்கியின் உள்ளேயோ அதனை நீட்டுவது உயிரை நீட்டுவதற்கு ஒப்பாகும்.

சில குற்றங்களை ஓசையைக் கொண்டே அறியலாம். இயக்கிய நிலையிலும் கிற்றார் சிறிதும் முறியாமல் மெலிதாய் ஒலித்தால், இருவாயிகளின் இரு முனையையும் ஈயப்பொட்டு ஒன்று இணைத்திருக்கக்கூடும். அப்போது சுற்றின் பெருக்கம் ஒன்று மட்டுமே. முறிவு உண்டு, ஆனால் திருகியை முழுதும் திருப்பினும் போதவில்லை என்றால், 4.7 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 47 கிலோஓம் குந்தியிருக்கலாம்: மஞ்சள், ஊதா, சிவப்பு என்பதற்கும், மஞ்சள், ஊதா, செம்மஞ்சள் என்பதற்கும் மங்கிய விளக்கொளியில் வேறுபாடு தெரியாது. கொள்ளளவிகளில் 473 என்ற குறி 0.047 ஐயும், 474 என்ற குறி 0.47 ஐயும் குறிக்கும். இவை மாறினால் ஓசை சேறாகும். சுரம் தொடக்கத்தில் ஒலித்துத் தேயும்போது இருமி இருமி அறுந்தால் நடுநிலை தவறியிருக்கும். பத்துக் கிலோஓம் இரண்டில் ஒன்று ஒரு கிலோஓமாய் இருந்தால் நாலரைக்குப் பதிலாக 0.8 வோல்ற்று அல்லது 8.2 வோல்ற்று வந்து நிற்கும். திருகியைத் திருப்பும் போதெல்லாம் உரசல் கேட்டால், அதற்கு முன்னுள்ள கொள்ளளவி கசிந்து நேரோட்டத்தை விடுகின்றது என்று கொள்ளலாம். மின்பகு கொள்ளளவிகளைத் தலைமாறி வைத்தாலும் இது நேரும். இருவாயிகள் இரண்டையும் ஒரே திசையில் வைத்துவிட்டால் அலையின் ஒரு பக்கம் மட்டுமே வழிபடும். அது குற்றமாயினும் சிலருக்கு அவ்வோசை பிடித்துப் போவதுமுண்டு. 1977 இல் வந்த பொஸ் நிறுவனத்தின் ஓடி-1 பெட்டி, இரு பக்கமும் ஒவ்வாதபடி வெட்டவே அமைக்கப்பட்டது.

பெட்டி கீச்சிட்டுக் கூவுமானால் உட்செல்லும் கம்பியும் வெளிவரும் கம்பியும் அருகருகே படுத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சுற்றில் வெளிவரும் அலை உட்சென்ற அலையோடு ஒரே முகமாய் நிற்பதால், ஒரு சிறிது திரும்பக் கசிந்தாலும் போதும். கம்பிகளைப் பிரித்து, உட்கம்பிக்கு உறையிட்டால் கூவல் அடங்கும். இரைச்சலிலும் இனம் உண்டு. செக்கனுக்கு 50 அதிர்வுள்ள ஆழ்ந்த முனகல், தரை அறுந்ததன் அடையாளம், அல்லது கிற்றாரின் சுருள் வீட்டு மின்சாரத்தின் காந்தப்புலத்தைப் பிடிப்பதன் அடையாளம். 100 அதிர்வுள்ள கரகரத்த ரீங்காரம் தரம் குறைந்த அடப்டரிலிருந்து வருவது. மின்கலத்தை இட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். பெட்டி வானொலி பாடத் தொடங்கினாலும் வியக்க வேண்டா. கெட்ட ஈயப்பற்று ஒன்றே இருவாயிபோல் நடந்து, காற்றிலே வரும் வானொலி அலையைக் கண்டறிந்துவிடும். உலோகப் பெட்டியைத் தரையோடு இணைத்து, உள்வாயிலில் 100 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்றைத் தரைக்கு விட்டால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

கரையோர ஊர்களுக்கே உரிய பகை உப்புக்காற்று. கொழும்பில் பல ஆண்டு நிலைக்கும் சுற்றுப்பலகை, கல்முனைக் கடற்கரையருகே திறந்து கிடந்தால் விரைவிலே பச்சைக் களிம்பு பூக்கும். தகரவேலை செய்வோர் பயன்படுத்தும் அமிலக் காரத்தை மின்சுற்றில் ஒருபோதும் பூசலாகாது. எஞ்சிய துளி செம்பை உள்ளிருந்தே தின்னும். ரோசின் உள்ள ஈயக்கம்பியே வேண்டும். பற்றுவைத்த இடம் பளபளத்துச் சரிவாய் இருந்தால் நல்ல பற்று. சாம்பல் நிறமாய் உருண்டு நின்றால் குளிர்ப்பற்று. இன்று பேசி நாளை ஊமையாகும் பெட்டிகளின் நோய் பெரும்பாலும் இந்தக் குளிர்ப்பற்றே. பலகையை மரக்குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்தால் இருக்கும் இடம் தெரியும். வேலை முடிந்ததும் ரோசின் எச்சத்தை மதுசாரத்தால் கழுவிக் காய்ந்தபின் மெல்லிய வார்னிசு பூசினால், உப்பு உட்புகச் சில ஆண்டு செல்லும்.

இவ்வளவும் ஒன்பது வோல்ற்று விளையாட்டு. கையைச் சுட்டாலும் உயிரைத் தொடாது. ஆனால் பெட்டியின் கம்பி போய்ச் சேரும் விரியலாக்கி 230 வோல்ற்றில் இயங்குகின்றது. கிற்றாரின் கம்பிகள், பெட்டியின் உலோக உடல், விரியலாக்கியின் சட்டம் ஆகிய மூன்றும் ஒரே தரையிற் பிணைந்தவை. விரியலாக்கியின் மூன்றாம் முனையாகிய புவித்தொடுப்பை வெட்டிவிட்டு இரண்டு முனைச் செருகியில் ஓட்டுவோர் உளர். முனகல் குறைகின்றது என்பர். உள்ளே உயிர்க்கம்பி சட்டத்தைத் தொடும் நாளில் கிற்றாரின் ஆறு கம்பிகளிலும் 230 வோல்ற்று நிற்கும். வாசிப்பவர் சரியாகப் புவித்தொடுப்புப் பெற்ற ஒலிவாங்கியைத் தொடும் கணத்தில் அவர் உடல் வழியே சுற்று முடியும். 1972 மே மாதத்தில் வேல்சு நாட்டின் சுவான்சி நகர மேடையொன்றில் லெசுலி ஆவி என்னும் கிற்றார்க் கலைஞர் ஒலிவாங்கியைத் தொட்டு இவ்வாறே உயிர் துறந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. ஆகவே பெட்டி செய்யப் புறப்படும் வீட்டில் முதலிற் சோதிக்க வேண்டியது இருவாயியை அன்று. ட்ரிப் சுவிட்ச் என வழங்கும் காப்பு ஆளியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகின்றதா என்பதையே. விழாவிட்டால் மின்வினைஞரை அழைத்த பின்னரே கிற்றாரை எடுக்கலாம்.

இந்தக் கைத்தொழிலால் ஊருக்கு வரும் பயன் ஒன்றையும் குறிப்பிடல் தகும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொழுகை அழைப்பையும், மரண அறிவித்தலையும், காணாமற்போன பிள்ளையின் அடையாளத்தையும் ஊருக்குச் சொல்கின்றது. 2004 டிசெம்பர் 26 இன் கடலை அனுபவித்த கரையில், அவசர வேளையிலும் அதையே செவிமடுப்பர். அங்கும் தலைதட்டல் நிகழ்வதுண்டு. அங்கே அது கலையன்று. பெருக்கத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் அலை சதுரமாகி, க, ச, த, ப என்னும் வல்லெழுத்துகள் ஒன்றோடொன்று மயங்கும். ஓசை பெரிதாகும், சொல் விளங்காது. கொம்பு ஒலிபெருக்கியின் சுருளும் கருகும். மிகையோட்டப் பெட்டி ஒன்றைக் கட்டித் திருத்திய செவி, அந்தக் கரகரப்பை ஒரு சொல்லிலேயே அடையாளம் காணும். செய்ய வேண்டியது சிறிதே. ஒலிவாங்கியின் பெருக்கத் திருகியை முற்றும் தாழ்த்தி, பேசுபவரை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் ஒலிவாங்கி இருக்குமாறு தம் இயல்பான குரலில் பேசச் செய்து, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். முறிவு தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் கீழே இறக்கி, அந்த நிலையைத் திருகியின் அருகே வர்ணத்தால் ஒரு கோடிட்டுக் குறித்துவிட வேண்டும். இன்னும் உரத்துக் கேட்க வேண்டுமானால், அந்தக் கோட்டைத் தாண்டாது இன்னொரு கொம்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.